தொண்ணூற்றொன்பதில் மீதி

அண்ணன் பேனா மூடியைக் கழற்றி, பேனாவைத் தங்கையின் கையில் திணிக்காத குறையாக நீட்டினார். சாப்பாட்டு மேசையில் விடுதலைப் பத்திரம் விரிந்து கிடந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் சின்னப் பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருந்தார். இவ்வளவு வசதி செய்து கொடுத்த பிறகும் தங்கை முதல் பக்கத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"ஆரம்பிச்சிட்டா" என்று அண்ணி பெருமூச்சு விட்டாள்.

தங்கைக்கு வீட்டில் கமா என்று பெயர். வைத்தவர் அண்ணன்தான். அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இருமல் மருந்து வாங்கினால்கூட டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஒரு மூடி குடிப்பாள். அதற்குள் இருமலே போய்விடும் என்பது அண்ணனின் பழைய கேலி. வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைப் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்டது அவள்தான். அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது.

விஷயம் ஒன்றும் சிக்கலானதில்லை. அப்பாவின் வீட்டில் அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. தன் பாதியைத் தங்கை மனப்பூர்வமாக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று பத்திரம் சொல்லியது. இந்த மனப்பூர்வத்தை அண்ணன் பத்து நாளாகத் தினம் இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய அத்தை போடலையா, சின்ன அத்தை போடலையா? பொண்ணுங்க எழுதிக் குடுக்கிறதுதான் நம்ம குடும்பத்து முறை. உன்னை யாரு போகச் சொன்னா? சமையலறைப் பக்கத்து ரூம்ல நீ பாட்டுக்கு இருந்துக்கோ."

"அந்த ரூம் விஷயத்தையும் இதுல ஒரு வரி எழுதிடலாமாண்ணா?"

அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. "அண்ணன் வாய்வார்த்தை போதாதா உனக்கு?"

வாய்வார்த்தையே போதுமென்றால் இந்தப் பத்திரம் மட்டும் எதற்கு என்று கமாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. தம்பி தங்கை என்று கூடப்பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அச்சகத்துக் கூலியில் வேறு வீடு பிடிப்பது ஆகிற காரியமில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் படித்ததைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"குத்தகைப் பத்திரத்தைப் பாத்தியாண்ணா?"

"அதுல பாக்க என்ன இருக்கு? மனை அறக்கட்டளையோடது, வீடு நம்மளது. தொண்ணூத்தொம்பது வருஷக் குத்தகை. அப்பா வாங்கி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, பாக்கி எழுபத்தொண்ணு. என் பேரன் தாத்தா ஆகிற வரைக்கும் கவலையில்ல."

அண்ணன் டயர்க்கடை வைத்திருப்பவர். கழித்தல் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. இப்போதும் கழித்தலில் தப்பில்லை. எந்த நாளிலிருந்து கழிப்பது என்பதில்தான் கோட்டை விட்டிருந்தார்.

"அப்பா வாங்கின நாள்லருந்து எண்ணக் கூடாதுண்ணா. கட்டடம் கட்டினப்ப முதல் ஆளுக்கு எழுதிக் குடுத்தாங்க பாரு, அன்னிக்குத் தொடங்கினது. வீடு கை மாறினா வருஷம் திரும்ப ஒண்ணுலருந்து ஓடாது. மிச்சம் என்ன இருக்கோ அதுதான் வாங்கினவங்களுக்கு. அப்பா நாலாவது ஆள். இப்ப பாக்கி ஒண்ணரை வருஷம்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். பிறகு அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"டயர்தான் ஒண்ணரை வருஷத்துல தேயும். வீடு எங்கயாவது தேயுமா?"

"அப்புறம் ஏன் அப்பாவுக்கு அவ்வளவு சல்லிசாக் குடுத்தாங்க?"

"அப்பா பேரம் பேசினா எதிர்ல எவன் நிப்பான்? இந்தா, சட்டமெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தராத. கையெழுத்தப் போடு."

கமா ஒரு வாரம் தவணை கேட்டாள். அதைக்கூடப் பெரிய மனது பண்ணித்தான் கொடுத்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே குமாஸ்தா ஒரு ஸ்டேப்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குத்தகையின் பதினேழாம் பிரிவைக் கமா விரல் வைத்துக் காட்டியதும் ஸ்டேப்லரைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்வளவு தூரம் படிச்சுட்டு வந்த ஆளு நீங்கதாம்மா. எல்லாரும் கடைசிப் பக்கத்துல கையெழுத்தப் போட்டுட்டுப் பீரோவுல வெச்சுடுவாங்க. குத்தகை முடிஞ்சதும் வந்து அழுவாங்க."

பதினேழாம் பிரிவு சொன்னது இதுதான். குத்தகைதாரரின் குடும்பத்தில் கடைசிப் பத்து வருஷம் அந்த வீட்டிலேயே குடியிருந்தவர், காலம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே கேட்டால், புதுக் குத்தகை அவருக்கு. கேட்காவிட்டால் வீடு சுவரும் கதவுமாக அறக்கட்டளைக்குப் போய்விடும்.

"மத்த வாரிசு இருந்தா, ஆட்சேபணை இல்லன்னு அவங்ககிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க."

"எங்கண்ணன் பேரையும் சேத்துக் குடுக்க முடியுங்களா?" என்று கேட்டாள். கேட்டு முடித்த பிறகு அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. ஆனாலும் வளர்ந்த வளர்ப்பு அப்படி.

"அவரு அங்க குடியிருக்காரா?"

"இல்லங்க. அவருக்குச் சொந்த வீடு இருக்கு."

"அப்புறம் என்னம்மா?"

ஞாயிற்றுக்கிழமை அதே மேசை, அதே பேனா. கமா குத்தகைப் பத்திரத்தைப் பிரித்து, தேதி இருந்த பக்கத்தை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் அதன் மேல் டீ டம்ளரை வைத்தார்.

"சரிண்ணா, நான் போடறேன். நீயும் இந்தக் கடுதாசில ஒரு கையெழுத்துப் போடு. படிக்கிறேன் கேளு. குத்தகை இன்னும் ஒன்றரை வருடத்தில் முடிகிறது என்று என் தங்கை எனக்குத் தெரிவித்தாள். அதன் பிறகு இந்த வீட்டுக்கு அவள் தன் பெயரில் புதுக் குத்தகை வாங்கிக்கொள்வதில் எனக்கு..."

அதற்குள் அண்ணனின் கைபேசி அடித்தது. கடை வாசலில் லாரி வந்து நிற்கிறதாம்.

"போதும் போதும், உன் பாராயணத்தை நிறுத்து. எங்க போடணும், காட்டு."

"முழுசாக் கேட்டுட்டுப் போடுண்ணா."

"கமா..." என்று அதட்டிவிட்டுப் போட்டார். தங்கை சொல்வதைக் கேட்டு நடக்கிற அண்ணன் என்று பெயரெடுக்க அவருக்கு இஷ்டமில்லை. கமா பென்சில் குறியின் மேலேயே தன் கையெழுத்தைப் போட்டாள். பன்னிரண்டு வருஷத்தை இந்த ஒரு கிறுக்கலில் கேட்டுவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான்கு மாதம் கழித்து அண்ணன் வீட்டை விற்க ஆள் பிடித்தார். தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்க வந்தவர் விவரமானவர், ஒரு வக்கீலையும் அண்ணன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். வக்கீல் ஏற்கெனவே அறக்கட்டளை அலுவலகத்தில் விசாரித்திருந்தார், பத்து நிமிஷத்தில் பத்திரத்தை மூடினார்.

"இதை வாங்கி என்ன சார் பண்றது? பெயிண்ட் அடிச்சு அறக்கட்டளைகிட்டயே திருப்பிக் குடுக்கவா? அதுக்கப்புறம் வர்ற குத்தகை உங்க தங்கச்சி பேர்ல பதிவாகியிருக்கு. உங்க சம்மதக் கடுதாசிகூட ஃபைல்ல இருக்கு."

அண்ணன் அண்ணியோடு அங்கிருந்து நேராகத் தங்கையிடம் வந்தார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"கூடப்பிறந்தவனையே கவுத்துட்டியே. உனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கினவன்டி நான்."

"வாங்க வந்தவர்கிட்ட அந்த ரூமை விட்டுட்டு மீதிய மட்டுமாண்ணா விலை பேசினே?"

அண்ணன் தோள்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்தது இன்னொரு விடுதலைப் பத்திரம். வழியிலேயே தட்டச்சு செய்து வாங்கி வந்திருந்தார். பென்சில் குறியும் தவறாமல் இருந்தது.

"புதுக் குத்தகையையும் எனக்கு எழுதிக் குடுத்துடு. குடும்பத்துக்குன்னு ஒரு முறை இருக்கில்ல."

கமா அதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அண்ணன் காலால் தரையைத் தட்டியபடி நின்றார். படித்து முடித்து, தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சேர்த்து அவரிடமே கொடுத்தாள்.

"அப்பா வீடு உன்கிட்டதாண்ணா இருக்கு. இன்னும் பதினாலு மாசத்துக்கு நான் அதைக் கேக்க மாட்டேன். இதுல எழுதியிருக்கிறது அப்பா வீடு இல்ல, என் வீடு. விட்டுக்குடுக்க எனக்கு மனசில்ல."

பத்திரமெல்லாம் மனப்பூர்வமாக என்றுதான் சொல்லும்; மனசில்லை என்று ஒருத்தி உரக்கச் சொன்னது அந்தக் குடும்பத்தில் இதுதான் முதல் தடவை. அண்ணன் யாராவது வக்கீல் கிடைப்பாரா என்று கைபேசியோடு முன்னறைக்குப் போனார்.

கமா டீ போடச் சமையலறைக்குப் போனாள். அண்ணியும் பின்னாலேயே வந்தாள். சண்டையின் மிச்சத்தை இவள் பிடிப்பாள் என்று கமா பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அண்ணி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"எங்கப்பா வீடும் அந்த அறக்கட்டளை மனைதான். பக்கத்துத் தெரு."

கமா திரும்பினாள்.

"கல்யாணமாகி எட்டாவது நாள் எங்கண்ணனுங்க கூப்பிட்டு விட்டாங்க. இங்கன்னு விரலை வெச்சுக் காட்டினாங்க. போட்டுட்டு வந்துட்டேன். என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா மட்டும் ஒரு நகல் எடுத்து வெச்சிருந்து, போறதுக்கு முன்னாடி என் கையில குடுத்தாங்க."

கைப்பையின் அடியிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தாள். மடிப்பில் எழுத்து தேய்ந்து போயிருந்தது.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றியா?"

கமா அடுப்பை அணைத்தாள். ஜன்னல் பக்கம் இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அண்ணியை உட்கார வைத்து, தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். புரியாத இடத்தில் அண்ணி நிறுத்தச் சொன்னாள், கமா நிறுத்தி விளக்கினாள். மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது முன்னறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

"என்ன பண்ணிட்டிருக்கே அங்க? கிளம்பலாமா?"

"இருங்க" என்றாள் அண்ணி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "படிச்சிட்டிருக்கோம்."