சீட்டின் மேல் ஒரு பித்தளை வில்லை

போக்கர் சீட்டாட்டம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, கையில் ஒன்றுமில்லாமல் எப்படி மிரட்டுவது, இதுதான் முதல் கேள்வி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈலி என்கிற சிற்றூரில் இருக்கிற இந்தச் சின்னக் கசினோவில் காலையில் புதியவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பதும், பிறகு சீட்டு மேஜையில் ஒழுங்கு கெடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

டெஸ்பினா அப்படி எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், என் வயதுக்காரி. வந்து உட்கார்ந்ததும், "மைட்டே, லெஃப்டி தினமும் இங்கதானே ஆடறான்?" என்றாள்.

லெஃப்டி அவளுடைய தம்பி. அவர்களுடைய அப்பா செம்பு உருக்காலையில் வேலை பார்த்தவர். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து, எல்லோருக்கும் மீனும் பிராந்தியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, டெஸ்பினா ஊர் கேட்கத் தம்பியைப் பார்த்து, "அப்பா உயிர் போற நேரத்துல நீ சீட்டாடிக்கிட்டு இருந்தேடா" என்று கத்திவிட்டாள். நானும் அங்கே இருந்தேன். லெஃப்டி தட்டை வைத்துவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பதில்லை, போனை எடுப்பதில்லை.

"வீட்டை வித்தாச்சு. சனிக்கிழமை பொண்ணுகூட இருக்க பாய்சி ஊருக்கே போறேன்" என்றாள் டெஸ்பினா. "அதுக்குள்ள அவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்கிடணும். வீட்டுக் கதவைச் சாத்தறான். சீட்டு மேஜைக்குக் கதவு கிடையாதுல்ல?"

"அதுக்காகப் போக்கர் கத்துக்கப் போறியா? உனக்குப் பைத்தியமாடி?"

"சொல்லிக்குடுப்பியா மாட்டியா?"

சொல்லிக்கொடுத்தேன். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. வந்த சீட்டையெல்லாம் வைத்துக்கொண்டு ஆடாதே, பெரும்பாலும் கீழே போட்டுவிடு, அதில் அவமானம் ஒன்றுமில்லை. முதலில் பந்தயம் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் அடக்கி வாசி. விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிறவனிடம் வெறுங்கையை வைத்து மிரட்டாதே, அவனுக்குப் பயப்படத் தெரியாது. ராணி ஜோடி வந்தால் கட்டிக்கொண்டு அழாதே, தோற்கிறது என்று தெரிந்தால் அதையும் விடு. எல்லாம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. சமையலறையில் கூட்டத்தைச் சமாளித்தவள் அல்லவா, யார் பசியில் இருக்கிறார்கள், யார் சும்மா அலட்டுகிறார்கள் என்று பார்த்த உடனே தெரிந்துகொண்டாள்.

ஒன்று மட்டும் ஏறவே இல்லை. உன் சீட்டின் மேல் எதையாவது வை என்று தொண்டை வற்றக் கத்தினேன். பந்தயம் கட்டுகிற சிப் ஒன்றை வை, சாவியை வை, ஒன்றும் இல்லையென்றால் கையையாவது வை. மூடாமல் கிடக்கிற சீட்டை, ஆட்டத்திலிருந்து விலகிவிட்டாய் என்று நினைத்து, சீட்டுப் போடுகிற டீலர் வாரிவிடுவான். கழித்த சீட்டுக் குப்பையில் கலந்ததுதான், கடவுளே வந்தாலும் திரும்பாது. டெஸ்பினாவுக்கோ நல்ல சீட்டு வந்தால் உடனே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். அப்படியே இரண்டு கையையும் சீட்டிலிருந்து எடுத்துவிடுவாள். உனக்கு என்ன வந்திருக்கிறது என்று ஊருக்கே தண்டோரா போடுகிறாயே என்று திட்டினால், "கண்ணு தெரியலைன்னா என்ன பண்றது?" என்பாள்.

திங்கட்கிழமை அவள் மேஜையில் வந்து உட்கார்ந்ததும் லெஃப்டி என்னைக் கூப்பிட்டு, "எனக்கு மேஜையை மாத்திக் குடு" என்றான். காலையில் ஓடுவதே ஒரு மேஜைதான். வேண்டுமென்றால் வீட்டுக்குப் போ என்றேன். போகவில்லை, பிடிவாதக்காரன். அன்றும் மறுநாளும் அவள் இருந்த பக்கமே திரும்பாமல் ஆடினான். அவன் தன் சீட்டின் மேல் வைத்திருந்த பித்தளை வில்லையை டெஸ்பினா பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலைக்கு வந்ததற்கு அடையாளமாக உருக்காலை வாசலில் மாட்டுகிற எண் போட்ட வில்லை, அவர்களுடைய அப்பாவுடையது. அவரோடு சவப்பெட்டிக்குள் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த பொருள்.

புதன்கிழமை காலியாக இருந்தது ஒரே நாற்காலி. டீலருக்கும் லெஃப்டிக்கும் நடுவில். டெஸ்பினா அதில் போய் உட்கார்ந்தாள். தோளும் தோளும் உரசுகிற தூரம். லெஃப்டி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீலர் டுவைட் ரீனோ நகரத்திலிருந்து புதிதாக வந்தவன். கை வேகம், கவனம் கொஞ்சம் கம்மி. நண்பகலுக்குச் சற்று முன்பு ஒரு ஆட்டத்தில் மற்ற எல்லோரும் விலகிவிட, அக்காவும் தம்பியும் மட்டும் எஞ்சினார்கள். நடுவில் ஒரு ராணி கிடந்தது. லெஃப்டி பெரிய குவியலாகச் சிப்புகளை முன்னால் தள்ளினான். டெஸ்பினாவின் முறை.

அவள் தன் இரண்டு சீட்டையும் சற்று முன்னால் நகர்த்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

நான் இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க எனக்கு உரிமை இல்லை. ஆட்டம் நடக்கும்போது ஒருவருடைய சீட்டைப் பற்றி வெளியாள் பேசக் கூடாது என்று சட்டம் பேசுகிறவளே நான்தான். டுவைட்டின் கை அந்தச் சீட்டுகளை நோக்கி நீண்டது. லெஃப்டிக்கு அது தெரிந்தது. அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு மூச்சு விட்டால் போதும், அத்தனையும் அவனுக்கு.

டக்கென்று ஒரு சத்தம். லெஃப்டி தன் சீட்டின் மேலிருந்த பித்தளை வில்லையை எடுத்து அக்காவின் சீட்டின் மேல் வைத்திருந்தான்.

"கையை எடுய்யா. அவ இன்னும் ஆடிக்கிட்டு இருக்கா."

டுவைட் கையை இழுத்துக்கொண்டான். டெஸ்பினா கண்ணாடியை மாட்டினாள், வில்லையைப் பார்த்தாள், தன் சிப்புகள் அனைத்தையும் முன்னால் தள்ளினாள். லெஃப்டி தன் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை, கவிழ்த்துத் தூக்கி எறிந்தான்.

"கண்ணாடியைத் துடைச்சிட்டா. சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். இனிமே இவகிட்ட எவன் ஆடுவான்?"

எதிரே உட்கார்ந்திருந்த லாரிக்காரன் வெர்னுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா மைட்டே, எனக்கு ஒரு சட்டம், இவனுக்கு ஒரு சட்டமா? பக்கத்துச் சீட்டுல கை வைக்கறான், பார்த்துக்கிட்டு நிக்கறியே!"

அவன் சொன்னது சரிதான். நான் மேஜைக்கு வந்தேன். குரலைக் கறாராக வைத்துக்கொண்டேன்.

"லெஃப்டி, அடுத்தவங்க சீட்டுல கை வைக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

"அவ ஒண்ணும் அடுத்தவ இல்ல" என்றான் லெஃப்டி. "என் அக்கா."

வெர்ன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் சிப்புகளை அடுக்க ஆரம்பித்தான். டெஸ்பினா வில்லையை எடுத்துப் பெருவிரலால் தடவினாள்.

"இது உன்கிட்ட எப்படிடா வந்துச்சு?"

லெஃப்டி முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினான். "அவரேதான் குடுத்தாரு. அன்னிக்குச் சாயங்காலம், ஆஸ்பத்திரியில. இங்க உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருக்காதே, இதை வச்சு எனக்காக ரெண்டு ஆட்டம் ஆடிட்டு வந்து எப்படிப் போச்சுன்னு சொல்லுன்னாரு. சொல்லலாம்னு வந்தேன். அதுக்குள்ள..."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ எங்க கேட்டே? திட்டினே."

டெஸ்பினா கண்ணாடியை மறுபடியும் கழற்றினாள். இந்த முறை துடைத்தது கண்ணாடியை அல்ல. வில்லையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதைத் திருப்பி அவள் பக்கமே தள்ளினான்.

"வச்சுக்கோ. பாய்சியிலயும் சீட்டாடுவே, அங்கயும் சீட்டை மூட மறந்துடுவே."

டுவைட் சீட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு, போடலாமா என்று என் முகத்தைப் பார்த்தான். போடு என்று தலையாட்டினேன். லெஃப்டி சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துத் தன் புதுச் சீட்டின் மேல் வைத்தான். டெஸ்பினா, நான் ஒரு வார்த்தை சொல்லாமலே, வில்லையைத் தன் சீட்டின் மேல் வைத்து, அதன் மேல் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டாள்.