'ம்' கொட்டாதவள்

1

இந்தக் கதை ஒரு வக்கீல் போகிற போக்கில் சொன்னதிலிருந்து வந்தது. "கட்சிக்காரங்கள்ல பாதிப் பேரை மாட்டிவிடுறது அவங்க பேச்சு இல்ல சார், அவங்க போடுற 'ம்'." எனக்குப் பகீரென்றது. கதை எழுதுகிற நான் பிழைப்பதே வாசகர் கொட்டும் அந்த 'ம்'மை நம்பித்தான்.

2

'இருண்ட அறையில், ஒற்றை விளக்கின் கீழே, அவள்'

(வேண்டாம், சினிமா. போலீஸ் ஸ்டேஷனில் டியூப்லைட் நன்றாகவே எரிந்தது.)

அவள் மருத்துவமனையில் தொலைபேசி எடுப்பவள். "ம், சொல்லுங்க" என்பதுதான் அவள் வேலை. அவள் மேசையருகே தொங்கும் சாவியை எடுத்து யாரோ மருந்துக் கிடங்கைக் காலி செய்துவிட்டார்கள். பழி அவள்மேல் நின்றுவிட்டால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. வக்கீல் போனில் சொன்னது ஒன்றுதான்: "நான் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இருங்கம்மா."

3

"பேச வேண்டாம்மா, அது உங்க உரிமை," என்றார் இன்ஸ்பெக்டர். "நான் சொல்றேன், சும்மா கேளுங்க. சாவி உங்க பொறுப்பு."

"ம்."

"கேட்டவங்களுக்கு எடுத்துக் கொடுத்தீங்க."

"ம்."

ரைட்டர் குனிந்து 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். (ஸ்டேஷனில் எழுதுகிறவருக்கும் ரைட்டர் என்றுதான் பெயர். வெட்கமாக இருக்கிறது.)

"சார், அது கேக்குற 'ம்'. ஒத்துக்குற 'ம்' இல்ல."

"பேச மாட்டேன்னீங்க, இப்ப பேசறீங்களே. அப்ப முழுசா பேசிடலாமே."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

(உண்மையிலேயே எடுத்திருப்பாளோ? நானும் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். உன்னை எழுதுகிறவனே நான்தான் என்று உரிமை கொண்டாடினேன். மசியவில்லை. அவள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அப்போதுதான்.)

4

"உங்க பொண்ணு வீட்ல தனியா இருக்கும். தெரியாத்தனமா கொடுத்துட்டீங்க, அவ்வளவுதானே?"

'ம்' தொண்டைவரை வந்துவிட்டது. வக்கீல் சொன்னதில் இருந்த ஓட்டை அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. வாயை மூடினால்தானே 'ம்' வரும்.

வாயை லேசாகத் திறந்துகொண்டாள். பல் டாக்டரிடம் உட்கார்ந்தவள் மாதிரி அப்படியே இருந்தாள். இன்ஸ்பெக்டர் மகளைப் பற்றி இன்னும் என்னென்னவோ சொன்னார். கண் கலங்கியது, உதடு மட்டும் சேரவில்லை. என்ன பெண் இவள்.

5

வக்கீல் வந்து அந்த 'ஒப்புக்கொண்டார்' வரியை அடிக்கவைத்ததாக ஒரு முடிவு எழுதினேன். உண்மையான திருடன் சிக்கியதாக இன்னொன்று. இரண்டையும்—

இன்ஸ்பெக்டர் இப்போது உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார். "முழுக்கப் படிச்சீங்களே. இவங்கதானே எடுத்தாங்க?"

ரைட்டர் பேனாவைத் திறந்துவிட்டார். இதுவரை எங்கெங்கே 'ம்' கொட்டினீர்களோ, எனக்குத் தெரியாது. இப்போது தயவுசெய்து வாயைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.