காணவில்லை: சாம்பல் நிறப் பூனை

கோழியின் கழுத்தைத் திருகினால் எனக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். பிளாஸ்டிக் கோழிதான், பயப்பட வேண்டாம். முட்டை வேகும் நேரம் பார்ப்பதற்காக மனைவி வாங்கி வைத்தது. டிக்டிக்கென்று தன் கழுத்தைத் தானே நேராக்கிக்கொண்டு வந்து கடைசியில் மணி அடிக்கும். அதற்குள் எழுதிப் பழகி முடிக்க வேண்டும். பதினாறாவது நிமிடத்தில் என் விரல்கள் நடுங்க ஆரம்பித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. காலையில் பதினைந்து, மாலையில் பதினைந்து. நடுவில் கிடக்கும் நேரத்தை என்ன செய்வதென்று கோழிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முப்பத்து மூன்று வருடம் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவன் நான். கண்டவர்களின் கோணல் எழுத்தையெல்லாம் படித்துப் படித்தே என் கையெழுத்து கெட்டுப்போனது என்பது என் கட்சி. ஒருமுறை முகவரியே இல்லாத உறை ஒன்று வந்தது. முகர்ந்து பார்த்தேன். மருந்து வாசனை, அதற்கு மேல் பெயிண்ட் வாசனை. புதிதாகப் பெயிண்ட் அடித்த மருந்துக் கடைக்கு அனுப்பினேன், சரியாகப் போய்ச் சேர்ந்தது. இதை யாரும் நம்புவதில்லை. என் கையெழுத்தைப் படிப்பதற்கென்றே அலுவலகத்தில் ஒருவரைத் தனியாக வைத்திருந்தார்கள் என்பதையும் நம்புவதில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு நான் எழுதியதெல்லாம் இன்றுவரை படிக்கப்படாமல் அங்கே அலமாரியில் கிடக்கிறது.

மகளின் பிரசவத்துக்கென்று மனைவி விமானம் ஏறி மூன்று வருடம் ஆகிறது. போனது மூன்று மாதத்துக்கு. பிறகு குழந்தைக்குப் பல் முளைத்தது, பிறகு நடக்க ஆரம்பித்தது, நடந்த குழந்தை நேராகப் போய் ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. விசா விண்ணப்பத்தில் வயதை எழுதும்போது என்னை அறைக்கு வெளியே போகச் சொன்னவள் அவள். நாற்பது வருடம் கூடவே இருந்தவனுக்குத் தெரியாதாம். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், வலிக்கும் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதிருப்பாள் என்று மகள் பிற்பாடு சொன்னாள். மகளுக்கும் என்னைப் போலவே கதை விடும் பழக்கம் உண்டு.

எழுதிப் பழக ஆரம்பித்ததற்கும் மனைவிதான் காரணம். சமையலறை டப்பாக்களில் அவள் எழுதி ஒட்டிய சீட்டுகளை ஒருநாள் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தண்ணீரில் ஊறப்போட்டு விட்டேன். மறுநாள் தேநீர் கரித்தது. போனில் சொன்னேன்.

"உப்பு எது, சர்க்கரை எதுன்னு எழுதி ஒட்டிக்க வேண்டியதுதானே?"

"ஒட்டினேன். நான் எழுதினதை என்னாலயே படிக்க முடியல."

"உங்க எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்குமே."

அவள் சிரித்தாள். பின்னால் குழந்தை அழுதது. போன் வைக்கப்பட்டது. நான் கோழியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

முதல் பத்து நாள் வெறும் நேர்கோடு. இரண்டு பென்சிலை ரப்பர் வளையம் போட்டுச் சேர்த்துக் கட்டி, மேலிருந்து கீழே. அடுத்த பத்து நாள் சுழி மட்டும். பிறகு பட்டை நிப் பேனா. நிப்பைச் சாய்வாகப் பிடித்தால் கோடு கீழே இறங்கும்போது தடிக்கும், வளையும்போது மெலியும். அந்த மெலிவு சரியாக வந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. நான்கு மாதத்தில் 'சர்க்கரை' படிக்கிற மாதிரி வந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிச் சொல்ல வந்த குடியிருப்புச் செயலாளர் டப்பாக்களைப் பார்த்துவிட்டார். லிஃப்டில் ஒட்டும் அறிவிப்புகளை இனிமேல் நான்தான் எழுத வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் நிறைவேற்றிவிட்டார். எழுதிய தாளை வாசல் கம்பிக்கதவில் கிளிப் போட்டு மாட்டிவிட வேண்டும், காவலாளி எடுத்துப்போய் ஒட்டிவிடுவார். பேச்சே தேவையில்லாத நல்ல ஏற்பாடு.

மழைக்காலத்தில்தான் வினை வந்தது. பழகும் தாள்களை வீட்டுக்குள் கொடி கட்டித்தான் உலர்த்துவேன். அன்றைக்கு ஈரக்காற்றில் மை காயவே இல்லை. 'சர்க்கரை' எழுதி அலுத்துப்போய், சுழிகள் நிறைய வரும் வார்த்தையாக இருக்கட்டுமே என்று 'காணவில்லை' என்று எழுதியிருந்தேன். கோழியின் கழுத்தில் இன்னும் நிமிடங்கள் பாக்கி இருந்ததால் கீழே கை போன போக்கில் எழுதினேன்:

'சாம்பல் நிறப் பூனை. வயது தெரியாது, கேட்டாலும் பிடிக்காது. இடது காலைச் சாய்த்து நடக்கும். கெட்டில் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் வந்துவிடும். கண்டவர்கள் மூன்றாம் மாடி, ஆறாம் எண் வீட்டில் சொல்லவும்.'

அதைக் காற்றுப்படட்டும் என்று கம்பிக்கதவில் கிளிப் போட்டு மாட்டினேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் கிளிப் மட்டும் இருந்தது. காவலாளி கடமை தவறாதவர்.

கீழே இறங்கிக் கிழித்துவிடத்தான் சட்டையைப் போட்டேன். இரண்டாவது பொத்தானுக்கு வரும்போது எங்கோ மணி அடித்தது. கோழியைப் பார்த்தேன், அது சும்மா இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து மூடினேன். மறுபடி அடித்த பிறகுதான் அது எங்கள் வீட்டு அழைப்பு மணி என்று பிடிபட்டது. அதன் குரலையே நான் மறந்திருந்தேன். வாசலில் இரண்டாம் மாடி இன்ஜினியர். நான்கு வருடமாக லிஃப்டில் என் தலைக்கு மேலே எரியும் எண்களையே பார்த்துக்கொண்டு வந்த மனிதர்.

"சார், உங்க பூனை எப்ப போச்சு?"

இல்லை, அது எழுதிப் பழகிய தாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வரப்போகிறார் என்று தெரிந்ததும் வாய் தன்பாட்டுக்கு வேறு வேலை பார்த்தது.

"மூணு வருஷமாச்சு," என்றேன்.

"மூணு வருஷமா! இப்பத்தான் நோட்டீஸ் போடறீங்க?"

"கையெழுத்து சரியா வரட்டும்னு காத்திருந்தேன்."

அவர் தேநீர் குடித்தார். அந்த வாரம் பதினொரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பூனை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. பதிவுத் தபாலையும் சாதாரணத் தபாலையும் அது கால் வைத்தே பிரித்துவிடும் என்றேன். தப்பான முகவரி என்றால் உறைமேல் படுத்துக்கொள்ளும் என்றேன். ஏழாம் மாடி ஆசிரியை, "இப்படிப்பட்ட பூனையை ஏன் சார் வெளிய விட்டீங்க?" என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கேள்விதான். பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் நான்காம் மாடித் தையல்கார அம்மா வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை, அதற்குள்ளிருந்து உறுமல். பின்னால் இன்ஜினியர், ஆசிரியை, காவலாளி, செயலாளர் என்று ஒரு ஊர்வலம்.

"அண்ணா, அஞ்சு நாளா தையலைப் போட்டுட்டுத் தேடினேன். பின்பக்கக் குப்பைத்தொட்டிகிட்ட இருந்துச்சு. இதுதானே?"

துண்டு விலகியது. சாம்பல் நிறப் பூனை. என் ஆயுளில் நான் பார்த்திராத பூனை. நான் அதைப் பார்த்ததைவிடக் கேவலமாக அது என்னைப் பார்த்தது.

"இடது கால் நல்லாத்தானே இருக்கு?" என்றார் இன்ஜினியர்.

"மூணு வருஷம் அலைஞ்சிருக்கு. நடந்து நடந்தே சரியாப் போயிருக்கும்," என்றார் தையல்கார அம்மா. அவர் இரண்டு மணிக்கட்டிலும் நகக்கீறல்கள். ஊசியில் நூல் கோக்கிற கை அது. ஒரு விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "அண்ணா, சொல்லுங்க, இதுதானே?"

உண்மையைச் சொன்னால் இந்தக் கீறல்களை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று யோசித்தேன். நாளையிலிருந்து லிஃப்டில் எல்லோரும் மறுபடி எண்களைப் பார்ப்பார்கள் என்பதையும் யோசித்தேன், அதை மறைக்கப் போவதில்லை.

"இதேதான்," என்று சொல்லிக் கையை நீட்டி வாங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தும்மினேன். ஆனந்தத்தில் தும்மலும் வரும் என்று ஆசிரியை விளக்கம் சொன்னார்.

செயலாளர் போகும்போது, "அப்ப நாளைக்கே 'கிடைத்துவிட்டது'ன்னு ஒண்ணு எழுதி மாட்டிடுங்க. பழசை எடுத்துடலாம்," என்றார்.

"ஒரு தடவைக்கு ஓர் எழுத்துதான் என் கணக்கு. எட்டு எழுத்து இருக்கு," என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு லிஃப்டுக்குள் போனார். கதவு மூடியதும் தாழ்வாரத்தில் பழைய அமைதி வந்து நின்றது.

மறுநாள் காலை 'கி' எழுதிக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் வந்தது. எடுத்ததும் தும்மினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"ஏங்க, அங்க பூனை இருக்கா?"

"பூனையா? எங்க?"

"நாற்பது வருஷமா உங்க தும்மலைக் கேட்டவ நான். சளித் தும்மல் ரெண்டோட நிக்கும். இது பூனைத் தும்மல். யாரு பூனை அது?"

அவளிடம் மட்டும் என் கதைகள் செல்லுபடியாகாது. மழை, மை, கிளிப், காவலாளி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படி என்னதான் எழுதினீங்க? படிங்க கேப்போம்," என்றாள்.

அதே வாசகத்தை மறுபடி எழுதிப் பழகிய தாள் ஒன்று கொடியில் இருந்தது. எட்டிப் படித்தேன். சாம்பல் நிறப் பூனை. வயது தெரியாது, கேட்டாலும் பிடிக்காது. இங்கே அவள் சிரிப்பு குறைந்தது. இடது காலைச் சாய்த்து நடக்கும். அங்கே நின்றது. கெட்டில் சத்தத்துக்கு வரும் என்பதை மெதுவாகத்தான் படித்தேன். எழுதும்போது சுழிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சத்தியம் செய்யத் தயார். யாரும் கேட்கவில்லை.

போனில் அவள் நடப்பது மட்டும் கேட்டது. ஓர் அடி அழுத்தமாக, அடுத்தது இழுத்தாற்போல.

"சாம்பல்லாம் இல்ல இப்ப," என்றாள். "முழுசா வெளுத்தாச்சு."

"அப்ப நோட்டீஸைத் திருத்தணும்."

"திருத்துங்க."

"செயலாளர் அதை எடுக்கச் சொல்றார். கிடைச்சிட்டதுன்னு எழுதணுமாம்."

"எவ்வளவு எழுதியாச்சு?"

"'கி'தான். கொக்கி சரியா வரல."

"வர்ற வரைக்கும் எழுதுங்க. அவசரப்பட்டு ஒட்டிடாதீங்க." பின்னால் சின்னவன் ஏதோ கேட்டு அழ ஆரம்பித்தான். இதோ வரேன் என்று அவனிடம்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். போனை வைக்கவில்லை.

நானும் வைக்கவில்லை. அதை மேசைமேல் மல்லாத்திவிட்டு, அடுப்பில் கெட்டிலை ஏற்றினேன். கோழி மணி அடித்து முடித்துக் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றது. தாளில் பாதி 'கி' ஈரமாக மின்னியது. தண்ணீர் முதலில் முனகியது, பிறகு கெட்டில் நீளமாக விசிலடித்தது. அணைக்காமல் போனை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன். அலமாரிக்கு அடியிலிருந்த பூனை தலையைத் தூக்கியது. ஆனால் அது அடுப்பைப் பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.