பாகீரதிக்காகப் பூத்த மரம்

ஹவுராப் பக்கம் ஆற்றங்கரைத் தாவரத் தோட்டத்தில், நூலக ஜன்னலுக்கு எதிரே நிற்கும் புன்னை மரம் பத்து வருஷத்துக்கு மேலாகத் தன் அரிய உறவுக்கார மரமான சுரபுன்னையாகப் பூத்தது. பாகீரதியின் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிப் பூத்தது. அதே வருஷங்களில் தமிழர்கள் காய் வாங்கும் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலை நாலு மடங்கு ஏறியது. ஜனங்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பாகீரதி அப்போது தோட்டத்து ஹெர்பேரியத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். செடிகளைக் காயவைத்துத் தாளில் தைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, நாப்தலீன் நெடியடிக்கும் அலமாரிகளில் அடுக்கும் வேலை. அங்கே ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. பெயர் சொன்னவரின் பெயரும் சீட்டில் இருக்கும். தப்பாகச் சொல்லியிருந்தாலும் அந்தச் சீட்டைக் கிழிக்க மாட்டார்கள், பக்கத்தில் சரியானதை ஒட்டுவார்கள். ஆகவே பூவைப் பார்க்காமல் எந்த மரத்துக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது பாலபாடம். ஆனால் வெளிநாட்டு விருந்தினர் வருவதற்குள் எல்லா மரத்துக்கும் பலகை அறையச் சொல்லி அப்போதைய டைரக்டர் பறந்துகொண்டிருந்தார். தூறலில் குடைக்குள் நின்றபடியே, தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் ஆசையில், நூலகத்துக்கு எதிரே நின்ற மரத்தைச் சுரபுன்னை என்று சொல்லிவிட்டாள் பாகீரதி. அரிய மரமாச்சே என்று எல்லோரும் பூரித்து, உடனே பலகையும் அறைந்தார்கள். அன்று சாயங்காலம் ஃபெர்ரிப் படகில் வீடு திரும்பும்போது அதன் இலை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். நரம்புகள், சுரபுன்னையில் போல வலையாக இல்லாமல், சீப்புப் பல் மாதிரி நெருங்கி ஓடின. சந்தேகமே இல்லை, சாதாரணப் புன்னை. முதல் வருஷ மாணவிகூடச் சொல்லிவிடுவாள். பாகீரதிக்குக் காது மடல் எரிந்தது. காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். காலையில் வாய் வரவில்லை.

கணவன் மஹாதேவனிடம் மட்டும் சொன்னாள். "போர்டுல பேர் தப்பா இருந்தா என்னடி? காஸ் கனெக்‌ஷன்ல உன் பேர் பார்கவின்னு இருக்கு. அதுக்காக சிலிண்டர் வராமயா இருக்கு?" என்றான் அவன்.

பங்குனியில் மரம் பூத்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். அச்சு அசல் சுரபுன்னைப் பூ. "அப்பாடா" என்றாள் பாகீரதி. பிற்பாடு எல்லாவற்றையும்விட அந்த அப்பாடாவை நினைத்துத்தான் அதிகம் கூசிப்போனாள்.

மரம் அதை எங்கே கற்றது என்று கண்டுபிடித்தவர் நூலகர் வெங்கடநாராயணன். அரிய மரம் வந்த கௌரவத்துக்காக, பழைய ஓவியத் தொகுதி ஒன்றைச் சுரபுன்னைப் பக்கத்தில் திறந்து, ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். படத்துப் பூவில் ஓர் இதழின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. மரத்தில் பூத்த அத்தனை பூவிலும் அதே இதழ், அதே ஓரம் அரிபட்டிருந்தது. "உன் மரம் படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கறதும்மா" என்றார் அவர், சிரிக்காமல். "பாவம், ரொம்ப சிரமப்படறது."

வருஷங்கள் போயின. பாகீரதிக்குப் பதவி உயர்வு வந்தது, தோட்டத்துக் கையேட்டின் அட்டையில் மரத்தின் படம் வந்தது. மரம் மட்டும் இளைத்தது. பட்டை வெடித்தது, உச்சிக் கிளை காய்ந்தது, இலைகளில் பாதி சீப்பாகவும் பாதி வலையாகவும் நரம்பு ஓடிக் குழம்பியது. ஒரு பங்குனியில் கைப்பிடிப் பூதான் பூத்தது. "இன்னொரு தடவை தாங்காதும்மா" என்றார் வெங்கடநாராயணன்.

பாகீரதிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்போதும் பாருங்கள், ஊர் அறியாமல் பலகையை மாற்றிவிடத்தான் பார்த்தாள். வாயிற்கதவு திறக்குமுன் போய் நெம்பினாள். பலகையின் நாலு ஓரத்திலும் பட்டை வளர்ந்து கவ்வியிருந்தது. கடப்பாரைதான் வளைந்தது. அவள் வாயைத் திறக்காதவரை மரம் அதை விடுவதாக இல்லை.

மறுநாள் எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டு, தன் தப்பை வங்காள மொழியிலேயே சொன்னாள். இப்போதைய டைரக்டர் கௌசிக் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா, வேறு பலகை போட்டுவிடலாமே என்றார். ஒருவரும் திட்டவில்லை. இந்த அற்ப விஷயத்துக்காகவா ஒரு ஜீவனை இத்தனை வருஷம் பொய் சொல்ல வைத்தோம் என்று பாகீரதிக்கு அழுகை முட்டியது. மரத்தில் கை வைத்தாள். "சொல்லிட்டேன்டா கண்ணா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். போதும், விட்டுடு."

பலகை கழன்று அவள் காலடியில் விழுந்தது.

அடுத்த பருவத்தில் அது புன்னையாகவே பூத்தது. இதழோரம் மட்டும் இன்றும் அரிபட்டபடிதான் இருக்கிறது, பழக்கம் போகவில்லை. பாகீரதி பழைய பலகையை எறியவில்லை. ஹெர்பேரியத்து வழக்கப்படி இரண்டையும் மரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மாட்டச் சொன்னாள். மேலே: சுரபுன்னை, பெயர் சொன்னவர் பாகீரதி. கீழே: புன்னை, பெயர் சொன்னவர் பாகீரதி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜால்முரிப் பொரி தின்றுகொண்டே வருகிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டு, நிழல் நன்றாக இருப்பதால் அங்கேயே உட்காருகிறார்கள்.