ஈசானிய மூலை பில்லர்

“யாருப்பா அந்த பில்லர எடுத்தது? சொல்லுங்க, யாரு எடுத்தது?”

“நாந்தான் எடுத்தேன். இன்னா இப்ப? ஈசானிய மூலையில பில்லர நட்டு வச்சிருக்கே. குடும்பம் வெளங்குமாடி?”

பாகூரில் எங்கள் எதிர்வீடு. கத்தியவள் மஞ்சுளா, சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். பதில் சொன்னவர் அவள் அப்பா மணிவண்ணன், நாலு காணி கரும்புக்காரர். தெருவில் எந்த வீட்டிலும் பில்லர் காணாமல் போகவில்லையே என்ற குழப்பத்தில், முருங்கைக்கீரையைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் போனேன். சும்மா போனால் நன்றாக இருக்காதல்லவா.

பில்லர் லேப்டாப்புக்குள் இருந்திருக்கிறது. காலேஜில் கொடுத்த ஏதோ சாஃப்ட்வேராம். அதில் பிள்ளைகளே மாடிவீடு வரைய வேண்டும். பட்டனைத் தட்டினால் காற்றையும் பாரத்தையும் அதுவே ஏற்றிப் பார்த்து, வீடு நிற்குமா விழுமா என்று காட்டும். அன்று பகல் பன்னிரண்டு அடித்தால் வரைந்ததைத் தானாகவே காலேஜுக்கு அனுப்பிவிடும். பாஸ் மார்க்கே அதில்தான். பாஸானால்தான் காலேஜில் வந்து ஆள் எடுத்த கம்பெனி வேலை. பெண் ரிப்போர்ட் பைண்டிங் வாங்கத் தவளக்குப்பம் போய் வந்தபோது மணி பன்னிரண்டே கால். பில்லர் இல்லாத வீடு காலேஜுக்குப் போய்விட்டிருந்தது.

“ஏரிக்கரை மனையில நம்ப வூடு கட்டப்போறோம், பொண்ணே பிளான் போடுதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்டி.”

“அது வூடே இல்லப்பா, பாடம்!”

“பாடத்துக்கு எதுக்குடி பூஜை ரூமு?”

யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

“மவுச இழுத்தா நகரும்னு நீதானடி அவருக்குக் காட்டின” என்றாள் அவள் அம்மா தையலம்மாள். ஈசானியத்தில் பாரம் கூடாதென்று போன வாரம் அவரிடம் சொன்னது நான். அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

மஞ்சுளா பட்டனைத் தட்டினாள். வீடு பச்சையாக நின்றது, சிவந்தது, ஒரு மூலை அப்படியே உட்கார்ந்தது. மணிவண்ணன் குனிந்து பார்த்தார்.

“சிமெண்ட்டு சரியில்லபோல.”

அவள் அழுதுகொண்டே வாத்தியாருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “சார், எங்கப்பா வாஸ்து பாத்துட்டாரு சார்.”

“அதுல அந்த ஆப்ஷன் கிடையாதேம்மா” என்றார் வாத்தியார், அவரும் குழம்பிப்போய்.

அரியர் விழுந்தது. வேலை போயிற்று. மகள் ஒரு மாதம் அப்பாவிடம் பேசவில்லை. நவம்பரில் மறுபடி எழுத காலேஜ் லேபுக்குப் போய்வந்தாள். அங்கே அதே பேப்பரில் விழுந்திருந்த செல்லிப்பட்டு அன்புராஜ் பழக்கமானான். அவன் வீட்டில் யார் எதை நகர்த்தினார்களோ, தெரியவில்லை. இரண்டு பேரும் பாஸ். அடுத்த தையில் கல்யாணம், இருவருக்கும் ஓசூரில் வேலை. பிரசவம் பார்க்கப் போன தையலம்மாள் ஏழு மாதமாகியும் திரும்பவில்லை. மணிவண்ணன் பஸ் ஸ்டாண்ட் மெஸ்ஸில் சாப்பிடுகிறார். கரும்பு வெட்டு முடிந்ததும் அவரும் ஓசூருக்குக் கிளம்புகிறாராம்.