கணப்புப் பலகை

மனைவி எனிட்டின் கையில் காலி பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு வில்ஃப் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். அவள் இரண்டு வாய் குடிப்பதுபோல் செய்தாள். பிறகு எழுந்து சோபாவைச் சுற்றிக்கொண்டு நேராக அந்த வெற்றுச் சுவரிடம் வந்தாள். தோளுக்குச் சற்றுக் கீழே, காற்றில் கோப்பையை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கோப்பை தரையில் விழுந்து உருண்டது. அதை அவள் பார்க்கக்கூட இல்லை. அவள் கை நின்ற உயரத்தில் வில்ஃப் சுவரில் ஒரு கோடு போட்டார். காலையிலிருந்து இது ஐந்தாவது கோடு, ஐந்தும் ஒரு விரல்கடைக்குள் அடங்கின. பெற்ற மகளின் பெயரையே மறந்துவிட்டவளுக்கு இந்த உயரம் மட்டும் மறக்கவில்லை.

பழைய வீட்டில் அந்த உயரத்தில்தான் குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பின் மேல்பலகை இருந்தது. இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி பக்கத்தில், நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. நாற்பத்து நான்கு வருஷம் அந்தப் பலகையில் கடிகாரம், மூக்குக்கண்ணாடி, கடிதங்கள், பாதி குடித்த தேநீர் என்று எல்லாமே கிடந்தன. வில்ஃபின் முழங்கால்கள் மாடிப்படி ஏற மறுத்ததும் ஊர் கவுன்சில் இந்த ஒற்றைத்தளச் சிறு வீட்டைக் கொடுத்தது. கதகதப்பான வீடுதான். சுவருக்குச் சுவர் வெந்நீர் ரேடியேட்டர் இருந்தது. புகைபோக்கி கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. எனிட்டின் புத்தி தடுமாற ஆரம்பித்த பிறகுதான் அவள் கை பலகையைத் தேட ஆரம்பித்தது. முதலில் மூக்குக்கண்ணாடி உடைந்தது, அப்புறம் பீங்கான் தட்டுகள். போன மாதம் கொதிக்கக் கொதிக்கத் தேநீர். பாதம் வெந்து, கோப்பைச் சில்லு கிழித்துக் குதிகாலில் நான்கு தையல். ஆஸ்பத்திரியில் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மகள் கிளெனிஸ் போனில் அழுதாள். உங்களால் முடியாதப்பா, ஒப்புக்கொள்ளுங்கள் என்றாள். வியாழக்கிழமை கவுன்சிலிலிருந்து ஒரு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, எனிட் இங்கேயே இருக்கலாமா, ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் விடுதிக்குப் போகவேண்டுமா என்று எழுதிக்கொடுப்பார். அந்த விடுதிக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர் என்று ஒருவரையும் வில்ஃபுக்குத் தெரியாது.

ஆகவே அவர் ஒரு கணப்பு வாங்கினார். கணப்பு என்றால் பேருக்குத்தான். இரண்டு பக்கமும் தூண், மேலே ஒரு பலகை, நடுவில் கறுப்பு பூசிய குழி. குழிக்குப் பின்னால் சுவர். கோட்டுக்கு மூன்று விரல் குறைந்தது என்று தூண்களுக்கு அடியில் கட்டை கொடுத்தார். பூமிக்கடியில் கூரைக்கு முட்டுக்கொடுத்தே முப்பது வருஷம் சம்பாதித்த மனிதர், அளவோடு செய்யத் தெரியுமா? ஒரு எருமையை ஏற்றி நிறுத்தினாலும் தாங்கும்படி ஆணிகளை இறக்கினார். இரண்டு நாள் ஆயிற்று. மடங்காத முழங்காலை மடக்கியதில் வலி உயிரை வாங்கியது.

புதன்கிழமை மத்தியானம் எனிட் எழுந்து வந்து கோப்பையை வைத்தாள். கோப்பை நின்றது. அவள் பாட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். வில்ஃப் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார்.

வியாழக்கிழமை வந்த திருமதி ஹெப்வொர்த் நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். குளியலறைக் கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்தார், அடுப்பின் சுவிட்சைப் பார்த்தார், கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டார். தேநீர் வந்தது. எனிட் பாதி குடித்துவிட்டு எழுந்துபோய்ப் பலகையில் வைத்தாள்.

"இப்பல்லாம் விழறதே இல்லைங்க. நீங்களே பார்த்தீங்கல்ல?" என்றார் வில்ஃப். பார்த்ததாக அந்த அம்மாள் தலையாட்டினார், எழுதவும் செய்தார். வில்ஃபுக்கு மூச்சு வந்தது.

எனிட் திரும்பவில்லை. குனிந்து குழிக்குள் பார்த்தாள்.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க, நெருப்பு அணைஞ்சு கிடக்கு. உனக்கு வெக்கமா இல்ல வில்ஃப்?"

பல மாதங்களில் அவள் இவ்வளவு கோவையாகப் பேசியதில்லை. மண்டிபோட்டாள். நாற்காலியடியில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்து, தாள் தாளாக முறுக்கி முடிச்சுப் போட்டுக் குழிக்குள் வைத்தாள். துணிக்கூடையிலிருந்து மரக் கிளிப்புகளை அள்ளி அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினாள். விரல்கள் கொஞ்சமும் தடுமாறவில்லை. வில்ஃப் பலகையைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தார். பலகை இருந்தால் அதற்குக் கீழே அவள் நெருப்பைத் தேடுவாள் என்பது அவர் மூளைக்கு எட்டவே இல்லை.

"தீப்பெட்டி" என்று எனிட் பின்பக்கமாகக் கையை நீட்டினாள்.

வில்ஃபின் சட்டைப்பையில் புகைபிடிக்கும் சுங்கானும் தீப்பெட்டியும் புடைத்துக்கொண்டு தெரிந்தன. திருமதி ஹெப்வொர்த்தின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

"இவங்களா எப்பவாவது தீப்பெட்டி எடுத்திருக்காங்களா?"

"இல்லைங்க. சத்தியமா இல்ல."

"இதுவரைக்கும் இங்க கணப்பு இருந்ததில்லையே" என்றார் அந்த அம்மாள், மெதுவாக.

இன்றைக்கே கழற்றிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார் வில்ஃப். கழற்றினால் மறுபடி கோப்பை விழும். எனிட்டின் பக்கம் திரும்பினார்.

"பத்த வெச்சாச்சு எனிட்" என்றார்.

அவள் நம்பினாள். ஒரு முழுத்தாளை விரித்துக் கணப்பின் வாயை மூடிப் பிடித்தாள். நெருப்பு சரியாகப் பற்றாதபோது வாயைத் தாளால் அடைத்தால் புகைபோக்கி காற்றை இழுக்கும், தாள் உள்வாங்கும், உள்ளே திகுதிகுவென்று பிடித்துக்கொள்ளும். நாற்பத்து நான்கு வருஷம் விடிந்ததும் அவள் செய்த முதல் வேலை அது. இப்போது தாள் தொளதொளவென்று தொங்கியது. அவள் காத்திருந்தாள். 

"இழுக்கவே மாட்டேங்குது வில்ஃப். ஏன் இழுக்கல?"

அந்தக் குரலில் இருந்த பயத்தை அவரால் தாங்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டிபோட்டார். ஒரு கையால் தாளின் ஓரத்தைப் பிடித்தார். இன்னொரு கையைத் தாளுக்குப் பின்னால் விட்டு, நடுவில் இரண்டு விரலால் பற்றி மெல்ல உள்ளே இழுத்தார். தாள் குழிந்தது.

"பாரு, இழுக்குது."

எனிட்டின் முகம் மலர்ந்தது. தலையைத் திருப்பி, "வா கண்ணு, கிட்ட வந்து உக்காரு. குளிரும் உனக்கு" என்று திருமதி ஹெப்வொர்த்தைக் கூப்பிட்டாள். அவர் நகர்ந்த சத்தமும் இல்லை, பேனாவின் சத்தமும் இல்லை.

வில்ஃபின் விரல்கள் மரத்துப்போயின. தாள் கொஞ்சம் தளர்ந்தது. உடனே எனிட் முழங்கையால் அவர் விலாவில் இடித்தாள்.

"விட்டுடாத" என்றாள். "இப்ப விட்டா அணைஞ்சிடும்."