முப்பது சுற்று

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கைக்கடிகாரத்தின் படம், அதன் கீழே டிக் போட ஒரு சதுரம். லாஞ்சின், டாக் ஹாயர், ஓரிஸ். இருபத்தைந்து வருடம் முடித்தவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் சுவிஸ் கடிகாரம். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை வலது கையால் பிடித்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. பதினெட்டு நாட்களாக அது வைத்த இடத்திலேயே கிடக்கிறது. எங்கள் வீட்டில் வைத்த இடத்தில் இருக்கும் பொருள் அது ஒன்றுதான்.

அப்பா கிரேன் ஓட்டுகிறவர். இரும்புத் தகடுகளை அடுக்கி வைக்கும் பெரிய கொட்டகையில், கூரைக்கு அடியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் அவர் இடம். இந்தக் கடிகாரத்துக்காக ஆறு வருடமாகப் படித்தார். நான் எந்தப் பரீட்சைக்கும் அப்படிப் படித்ததில்லை. குளிரூட்டிய கடைகளுக்குள் போய், அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, வழவழப்பான விலைப் புத்தகத்தோடு திரும்புவார். வாங்க மாட்டார் என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் எதன் கண்ணாடி கீறாது, எதன் முள் இருட்டில் தெரியும் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். ஒரு கடையில் அவருக்குப் 'பேராசிரியர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மரியாதைக்கு வைத்த பெயர் என்று அவர் நினைத்தார்.

"லாஞ்சின் போடுங்கப்பா. மெலிசா, அழகா இருக்கும்" என்றேன்.

"மெலிசா இருக்கிறதெல்லாம் மேனேஜர் கட்டுறது. நமக்கு எதுக்கு?"

"அப்ப டாக் ஹாயர்."

"அது கார் பந்தயம் ஓட்டுறவனுக்கு. என் கிரேன் நடந்து போற ஆளவிட மெதுவாப் போகும்."

லாஞ்சினும் டாக் ஹாயரும் பேட்டரியில் ஓடுபவை. ஓரிஸ் ஆட்டோமேட்டிக். அதன் முதுகுப் பக்கம் கண்ணாடி, உள்ளே சிவப்பாக ஓர் அரைவட்டம். கை அசையும்போது அதுவும் சுழலும், சுழன்று சுருள்வில்லை முறுக்கும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். கழற்றாமலே இருந்தாலும், கட்டிய கை அசையாவிட்டால் நின்றுவிடும்.

"ஓரிஸ் வேணாம்பா. கை ஆடினாத்தான் அது ஓடும்."

சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"அதனாலதான்" என்று சொல்லி, மூன்றாவது சதுரத்தில் டிக் போட்டார்.

கை விழுந்துபோன அந்தக் காலையை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. சின்னப் பக்கவாதம் என்றார்கள் மருத்துவமனையில், சின்ன வேலை, சின்னச் செலவு என்பதுபோல. கிரேன்காரருக்கு ஒரு கை சரியில்லை என்று தெரிந்தால் கம்பெனி வேறு வேலை தராது, வீட்டுக்கு அனுப்பிவிடும். ஆகவே அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. விடுப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன். கல்லூரிப் பத்திரிகையில் முதல்வரின் வழுக்கையைப் பற்றி எழுதிப் பழகிய கை, காமாலையைப் பற்றி உருக்கமாகவே எழுதியது. சான்றிதழ் கொடுத்த டாக்டர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

ஒரு மாதத்தில் கை பாதி திரும்பி வந்தது. விரல்கள் மூடும், திறக்கத்தான் யோசிக்கும். அப்பா மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். கூண்டில் வலது பக்க நெம்புகோல் பாரத்தை ஏற்றி இறக்கும். இடது பக்கத்து நெம்புகோல் கிரேனையே பக்கவாட்டில் நகர்த்தும், கையை எடுத்தால் நிற்கும். கையை எடுப்பதுதான் அங்கே வேலையே. இதையெல்லாம் அப்பாவே பல வருடங்களுக்கு முன்பு ஸ்பூனையும் உப்பு ஜாடியையும் வைத்து எனக்கு விளக்கியிருக்கிறார். இப்போது நானும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை, அவரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.

கூட்டம் போட்டுக் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். மேனேஜர் கைகுலுக்கினார், வலது கையைத்தான். கைகுலுக்குவதை வலது கையோடு நிறுத்திய புண்ணியவான் யாரோ, எங்கள் குடும்பம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை அப்பா குளிக்கப் போனபோது, அலமாரித் தட்டில் அவர் கழற்றி வைத்த கடிகாரம் நின்றிருந்தது. பார்த்தது நான் ஒருவன்தான். பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகைப் பிடித்து முப்பது சுற்று திருகினேன். உயிர் வந்தது. மணியைச் சரிசெய்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். மறுநாளும் திருகினேன். அப்புறம் பல் தேய்ப்பதுபோல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

அப்பா மாறிப்போனார். "பார்த்தியா? கை ஆடலன்னா இது ஓடுமா?" என்று வாரத்துக்கு நாலு தடவை கேட்டார். பிடித்து அமுக்குவதற்கு மருத்துவமனையில் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது, எடுக்கவில்லை. மறுபரிசோதனைக்குப் போகச் சொன்ன தேதி வந்தது, போனது. "டாக்டர் என்னடி டாக்டர், இது பொய் சொல்லுமா?" என்று கடிகாரம் கட்டிய இடது மணிக்கட்டைத் தூக்கி அம்மாவிடம் காட்டினார். வலது கையால்தான் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கொடி சித்தப்பா வந்தார். அவர் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி இல்லை. கிரேனுக்குக் கீழே, பாரம் இறங்கும் இடத்தில் நின்று கைகாட்டுகிறவர். முன்பெல்லாம் கையில் கொடி வைத்திருந்தாராம், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தினமும் காலையில் அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகிறவரும் அவர்தான். கடிகாரத்தைத் திருப்பி, சிவப்பு அரைவட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள என்னண்ணே, தர்பூசணித் துண்டு மாதிரி இருக்கு?"

"உனக்குக் கொடுப்பாங்கல்ல இன்னும் ஆறு வருஷத்துல, அப்பப் பார்த்துக்கோ."

"ஆறு வருஷம் நான் முழுசா இருக்கணுமே" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வழியனுப்ப வாசலுக்குப் போனேன். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பது வருஷம்டா. உங்கப்பா கூண்டுல இருந்தா நான் மேல பார்த்ததே கிடையாது. கைய நீட்டுவேன், தகடு அங்க வந்து நிக்கும். என் பாட்டுக்குத் தரையப் பார்த்துட்டு நிப்பேன்."

"சரி சித்தப்பா."

"ஒரு வாரமா மேல பார்க்கிறேன். கழுத்து வலிக்குது. உங்க சித்தி தினமும் தைலம் தேய்ச்சு விடுறா."

அவர் சாவியைத் திருப்பினார்.

"காமாலை நல்லா இறங்கிடுச்சுல்ல?"

"இறங்கிடுச்சு."

"நீ சொன்னா சரி" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அப்பா குளிக்கப் போனார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திருகாமல் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அது நாலு பத்தில் நின்றிருந்தது. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் பழக்கத்தில் தாமாகவே திருகைப் பிடித்தன. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். பின்னால் அம்மா நின்றிருந்தார்.

"இன்னிக்குத் திருகலையா?"

அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இல்லம்மா."

"நேத்தும் திருகல."

"இல்ல."

"நாளைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பிட்டா வாடகையை யாரு கொடுப்பா? உன் பத்திரிகையா?"

பதிலுக்குக் காத்திராமல் கடிகாரத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். திருகைப் பிடித்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மா கடிகாரத்தைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, திருகாமல், தட்டில் இருந்தபடியே வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மூடப் போனார்.

அப்பா சீருடையில் வந்து மேசையில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். வலது கையால் தூக்கி வைத்தார் என்று சொல்வதுதான் சரி. கடிகாரத்தைக் கட்டிவிடுவது எப்போதும் என் வேலை. வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டினேன்.

"நாலு பத்துன்னு காட்டுது" என்றார்.

"ஆமாப்பா."

"நின்னுருக்கு."

"ஆமா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். பெருவிரல் நுனியில் திருகின் பற்கள் பதிந்து பதிந்து, தோல் சின்னதாகக் காய்த்துப் போயிருந்தது. அதைத் தன் விரலால் தடவிப் பார்த்தார்.

"எத்தனை சுத்து?"

"முப்பது."

"தினமுமா?"

"தினமும்."

தலையாட்டினார். கீழேயிருந்து பாரத்தின் எடையைச் சொன்னால் மேலேயிருந்து இப்படித்தான் தலையாட்டுவார் என்று கொடி சித்தப்பா நடித்துக் காட்டியிருக்கிறார்.

"கொடி உன்கிட்ட என்ன சொன்னான்?"

"கழுத்து வலிக்குதாம்."

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹாரன் ஒரு தடவை அடித்தது. அம்மா டப்பாவின் மூடியைப் பாதி அழுத்தியபடி நின்றார். நான் கட்டிவிட்டபோது குலுங்கியதில் உள்ளே எதுவோ கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும், நொடிமுள் நகர ஆரம்பித்திருந்தது. அப்பா அதைக் கவனித்துவிட்டார். இடது கையை மேசையின் நடுவில் வைத்து, வலது கையை அதிலிருந்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார். முள் நிற்பதற்குள் விரல்கள் அசையுமா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முள் ஆறைத் தாண்டியது. ஏழைத் தாண்டியது. ஹாரன் மறுபடியும் அடித்தது. விரல்கள் மேசைமேல் அசையாமல் கிடந்தன. முள் எட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.